அத்தையின் பங்கு

கண்புரை என்று நினைத்துத்தான் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அறுபத்தொரு வயது. ஒரு வருடமாகவே படி இறங்கும்போது தடுமாறிக்கொண்டிருந்தார். வாசல் நிலையில் தோளை இடித்துக்கொள்வார். "வயசாயிருச்சுல்ல" என்று சமாதானமும் அவரே சொல்லிக்கொள்வார். வருடம் தவறாமல் கண்ணாடிக் கடைக்குப் போய் பவர் பார்த்துக் கண்ணாடி மாற்றுகிற மனிதர். பேப்பரை வரி விடாமல் படிப்பவர். அதனால் அவர் கண்ணுக்குப் பெரிதாக எதுவும் வராது என்று வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

டாக்டர் ரொம்ப நேரம் பார்த்தார். சொட்டு விட்டுப் பார்த்தார், ஃபீல்டு டெஸ்ட் எடுக்கச் சொன்னார், திரும்பவும் பார்த்தார். "புரை லேசாத்தான் இருக்கு. அது பிரச்சினை இல்ல. நரம்புதான் பிரச்சினை" என்றார். வலது கண்ணின் பார்வை நரம்பில் பெரும்பகுதி ஏற்கெனவே போய்விட்டிருந்தது. இடது கண்ணிலும் சேதம் தொடங்கியிருந்தது. அழுத்தம் 26, 24. நோயின் பெயர் திறந்த கோண கிளாக்கோமா. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்.

பிறகு ஒரு கேள்வி கேட்டார். "உங்க கூடப் பொறந்தவங்க யாரும் இருக்காங்களா?"

"ஒரு தங்கச்சி. கோவில்பட்டில."

"அவங்கள சீக்கிரம் வந்து பார்க்கச் சொல்லுங்க." என் பக்கம் திரும்பினார். "நீங்களும்தான்."

அப்பா நன்றாகத் தலையாட்டினார். வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் பத்து நிமிடம் எதுவும் பேசவில்லை. அப்புறம் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "இத உங்க அத்தைட்ட சொல்லாத."

அது ஆவணி மாதம். நான் அத்தையிடம் சொன்னது சித்திரையில். நடுவில் இருக்கும் எட்டு மாதங்களைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

*

கண்ணுக்குள் எப்போதும் ஒரு தெளிந்த நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. கண்ணீர் வேறு, இது வேறு. கண்ணின் முன்பகுதியில் சுற்றிவந்து, கருவிழிப்படலமும் அதன் பின்னால் உள்ள வண்ணப்படலமும் சந்திக்கும் கோணத்தில் இருக்கிற ஒரு சல்லடை வழியாக அது வெளியேறுகிறது. சிலருக்கு அந்தக் கோணமே மூடிக்கொள்ளும். சட்டென்று மூடினால் தாங்க முடியாத வலி வரும், அலறி அடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். திறந்த கோண வகையில் வாசல் திறந்துதான் இருக்கும். சல்லடைதான் வருடக்கணக்கில் மெதுவாக மந்தமாகும். நீர் தேங்கி அழுத்தம் ஏறும். பின்னால் இருக்கும் நரம்பின் இழைகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வரும். வலி கிடையாது, சிவப்பு கிடையாது.

இதில் என்னை அதிகம் தொந்தரவு செய்தது, போகிற பார்வை போவது தெரியாது என்பதுதான். நம் எல்லோருடைய கண்ணிலும் நரம்பு உள்ளே நுழையும் இடத்தில் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. 17ஆம் நூற்றாண்டில் எட்மே மரியாத் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்துச் சொல்லும்வரை மனிதர்கள் யாருக்கும் அது உறுத்தவில்லை. இல்லாத இடத்தை, பக்கத்தில் இருப்பதை வைத்து மூளை நிரப்பிக்கொள்கிறது. கிளாக்கோமாவிலும் அதேதான். லண்டனில் டேவிட் கிராப் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஐம்பது நோயாளிகளிடம் சில படங்களைக் காட்டி, உங்கள் பார்வை இதில் எந்த மாதிரி இருக்கிறது என்று கேட்டார்கள். விழிப்புணர்வு போஸ்டர்களில் வருமே, சுற்றிலும் கறுப்பாக, நடுவில் மட்டும் வெளிச்சமாக ஒரு படம்? அதை ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. ஏறக்குறைய நாலில் ஒருவர், எனக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லையே என்றார்.

அப்பாவுக்கும் நிலைக்கதவு கறுப்பாகத் தெரியவில்லை. அது அங்கே இல்லவே இல்லை. தோளில் இடித்த பிறகுதான் வந்தது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆய்வாளர்கள் தென் தமிழகத்தின் மூன்று மாவட்டங்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட 5150 பேரைப் பரிசோதித்து 2003இல் முடிவுகளை வெளியிட்டார்கள். திறந்த கோண கிளாக்கோமா இருந்தவர்களில் 93 சதவீதம் பேருக்கு, அன்றுவரை தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. ஐந்தில் ஒருவருக்கு ஒரு கண்ணிலோ இரு கண்ணிலோ ஏற்கெனவே பார்வை போயிருந்தது. எங்கள் ஊர், எங்கள் அக்கம்பக்கத்து ஊர் ஆட்கள்.

தனக்குள் நடப்பதைத் தானே அறிய முடியாத நோய் இது. அப்படியென்றால் அறிகிற வேலை இன்னொருவர்மேல் விழுகிறது. அத்தை விஷயத்தில் அந்த இன்னொருவர் நான்.

*

எனக்கும் பரிசோதனை செய்தார்கள். இருபத்தொன்பது வயது, மைனஸ் ஆறு பவர், அழுத்தம் 19, கருவிழிப்படலம் சராசரியைவிட மெல்லியது, அப்பாவுக்கு நோய். என் ஃபைலில் 'சந்தேகத்துக்குரியவர்' என்று பொருள்படும் ஒரு வார்த்தையை எழுதினார்கள். போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருந்தது. நோய் இல்லை, ஆனால் இல்லை என்று விட்டுவிடவும் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை வர வேண்டும்.

அன்று ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். வயது, கண் அழுத்தம், ரத்த உறவில் யாருக்காவது இருப்பது, அதிகக் கிட்டப்பார்வை, மெல்லிய கருவிழிப்படலம், ஆப்பிரிக்க வம்சாவளி, நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்து. இவற்றைத்தான் 'ரிஸ்க் ஃபேக்டர்' என்கிறார்கள். அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் என்ற சிறு நகரத்தில் 1948இல் தொடங்கிய இதய நோய் ஆய்விலிருந்து, 1961இல் வெளிவந்த ஒரு கட்டுரைக்குப் பிறகு பரவிய வார்த்தை அது. அதற்கு முன் மருத்துவத்தில் இருந்தது காரணம், விளைவு. கிருமி வந்தால் காய்ச்சல். ரிஸ்க் ஃபேக்டர் அப்படிக் கை நீட்டிச் சொல்வதில்லை. உன்னைப் போன்ற நூறு பேரில் இத்தனை பேருக்கு வரும் என்கிறது. அந்த இத்தனை பேரில் நீ உண்டா என்று கேட்டால் வாயை மூடிக்கொள்கிறது.

அமெரிக்காவில் கண் அழுத்தம் அதிகமாக இருந்தும் நரம்பு கெடாத 1636 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள், மறுபாதியைக் கண்காணிக்க மட்டும் செய்தார்கள். ஐந்து வருடத்தில் மருந்து போடாதவர்களில் 9.5 சதவீதம் பேருக்கும் போட்டவர்களில் 4.4 சதவீதம் பேருக்கும் நோய் வந்தது என்று 2002இல் முடிவு வெளியானது. சந்தேகமில்லாமல் மருந்து பலன் தந்திருக்கிறது. ஆனால் இதையே தனி மனிதராக நின்று பாருங்கள். மருந்தே போடாதவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு எதுவும் ஆகவில்லை. ஒழுங்காகப் போட்டும் சிலருக்கு வந்துவிட்டது. மருந்தால் தப்பித்தவர் யார் என்று ஒருவரைக்கூட விரல் நீட்டிக் காட்ட முடியாது. ஆனால் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

உறவுக்காரர்களைப் பற்றி நெதர்லாந்தின் ராட்டர்டாமில் செய்த ஆய்வு ஒன்று, 1998இல் வந்தது. கிளாக்கோமா இருந்தவர்களின் உடன்பிறந்தவர்களைத் தேடிப்போய்ச் சோதித்ததில் 10.4 சதவீதம் பேருக்கு நோய் இருந்தது. நோய் இல்லாதவர்களின் உடன்பிறந்தவர்களில் 0.7 சதவீதம். பிள்ளைகளைவிட உடன்பிறந்தவர்களுக்குத்தான் அன்றைய நிலையில் ஆபத்து அதிகம் என்பது இந்த எண்களில் தெரிந்தது. பிள்ளைகளுக்கு இன்னும் வயதாகவில்லை, உடன்பிறந்தவர்களுக்கு ஆகிவிட்டது.

அத்தைக்கு ஐம்பத்தி நாலு. அப்பாவின் ஒரே தங்கச்சி. அந்த எண்ணைப் படித்த ராத்திரியே போனை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை.

*

அப்பா சொன்ன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விருதுநகர்ப் பக்கம் ஒரு இடம், கிட்டத்தட்ட முடிகிற மாதிரி இருந்தது. "உங்க அத்தைக்கு வாய் நிக்காது. நாளைக்கே நாலு வீட்டுக்குத் தெரியும். கண்ணு அவிஞ்சு போற வியாதி உள்ள குடும்பம்னு பேராயிரும். கல்யாணம் முடியட்டும், நானே சொல்றேன்."

இது முட்டாள்தனமான பயம் என்று நான் எழுதினால் பொய். நம் வீடுகளில் ரிஸ்க் ஃபேக்டருக்கு ரொம்பப் பழைய ஒரு சொல் இருக்கிறது: தோஷம். செவ்வாய் தோஷம் என்றால் நிச்சயம் கெட்டது நடக்கும் என்று ஜோசியரே சொல்ல மாட்டார். வாய்ப்பு உண்டு என்பார். ஆனால் கல்யாணச் சந்தையில் வாய்ப்பு என்று ஒன்று கிடையாது. இருக்கிறது, இல்லை, இரண்டுதான். நூற்றில் இத்தனை என்ற எண்ணை அங்கே கொண்டுபோய் வைத்தால், மறுநாள் காலையில் அது தோஷமாகத்தான் விழித்துக்கொள்ளும். அப்பாவுக்கு அந்தச் சந்தை தெரியும்.

இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. தோஷம், இந்த ஆளிடமிருந்து விலகிப் போ என்று மற்றவர்களுக்குச் சொல்கிறது. ரிஸ்க் ஃபேக்டர், போய்ப் பார்த்துக்கொள் என்று சம்பந்தப்பட்ட ஆளிடமே சொல்கிறது. தோஷத்தை மறைத்தால் மறைக்கப்பட்டவருக்கு லாபம். இதை மறைத்தால் அவருக்கு நஷ்டம். தோஷத்தை மறைக்கப் பழகிய கையால் அப்பா இதையும் மறைத்தார்.

நான்? எனக்கு வரன், ஜாதகம் எதிலும் நம்பிக்கையில்லை என்று நண்பர்களிடம் பேசுகிறவள். ஆனால் அந்த இடம் எனக்கும் பிடித்திருந்தது. அதனால் அப்பாவின் வார்த்தைக்குக் கட்டுப்பட்ட மகளாக இருப்பது அந்த எட்டு மாதமும் எனக்கு வசதியாக இருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இதை விட்டுவிட்டு எழுதினால் மிச்சத்தை எழுதுவதில் அர்த்தமில்லை.

*

கேள்வியை நேராக வைக்கிறேன். அப்பாவின் நோய் அப்பாவுடையது. யாரிடம் சொல்வது, சொல்லாமல் விடுவது என்பது அவர் உரிமை. அதை மீற எனக்கு என்ன உரிமை?

இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. அப்பாவுக்கு ஹண்டிங்டன் என்ற மரபணு நோய். பிள்ளைகளுக்கு வர சரிபாதி வாய்ப்பு உள்ள நோய், குணமாக்க மருந்து இல்லை. மகள் அப்போது கர்ப்பமாக இருந்தார். மகளிடம் சொல்லக் கூடாது என்று அப்பா மருத்துவர்களிடம் சொல்லிவிட்டார். அவர்களும் சொல்லவில்லை. குழந்தை பிறந்த பிறகு மகளுக்கு எப்படியோ தெரியவந்தது. சோதித்தால், அவருக்கும் அதே மரபணு. தெரிந்திருந்தால் கர்ப்பத்தைத் தொடர்ந்திருக்க மாட்டேன் என்று வழக்குத் தொடுத்தார். 2020இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அப்பாவின் ரகசியத்தோடு மகளின் நலனையும் வைத்து எடைபோடும் கடமை மருத்துவர்களுக்கு உண்டு என்றது நீதிமன்றம். ஆனால் இந்த வழக்கில் அவர்கள் அந்தக் கடமையில் தவறவில்லை என்று சொல்லி மகளின் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது.

அந்தத் தீர்ப்பைப் பற்றிப் படித்தபோது என் கேள்வியே தப்பாக இருக்கிறதோ என்று தோன்றியது. இதில் இரண்டு பொருட்கள் இருக்கின்றன. நாம் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறோம். அப்பாவின் கண்ணில் நரம்பு கெட்டிருக்கிறது என்பது ஒரு செய்தி. அது அவருடையது. தன் அண்ணனுக்கு இருப்பதால் தனக்கும் இருக்கலாம் என்பது இன்னொரு செய்தி. அது அத்தையுடையது. அத்தையின் கண்ணைப் பற்றிய செய்தி, தற்செயலாக அப்பாவின் ஃபைல் வழியாக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. அத்தையின் பெயர் போட்ட கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு, எட்டு மாதம் என் ஹேண்ட்பேக்கில் வைத்திருந்தேன்.

ஹண்டிங்டனில், எனக்குத் தெரிய வேண்டாம் என்று ஒருவர் சொல்வதில் நியாயம் இருக்கலாம். தெரிந்து செய்ய ஒன்றும் இல்லாதபோது தெரியாமை ஒரு நிழல். இங்கே அப்படியில்லை. அரை மணி நேரப் பரிசோதனை, ராத்திரிக்கு ஒரு சொட்டு. செய்ய ஒன்று இருக்கிறபோது, செய்ய வேண்டியவரிடமிருந்து அதை எடுத்துவைத்துக்கொள்வதை ரகசியம் காப்பது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதே அளவுகோலை வைத்தால், விருதுநகர் வீட்டுக்காரர்களிடம் என் ஃபைலைக் காட்டும் கடமை எனக்கு இல்லை என்பதும் சரிதான். என் ரிஸ்க் என்னுடையது. கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் ஒருநாள் நானாகச் சொல்வேன், அவர் வீட்டுப் பெரியவர்கள் எடைபோட்டுப் பார்க்கக் கொடுக்க மாட்டேன். அப்பாவின் பயத்துக்குப் பதில் இங்கே இருந்தது: சந்தைக்குச் சொல்லாதே, அத்தைக்குச் சொல். அத்தைக்கு வாய் நிற்காது என்பது, ஆபத்தைத் தாங்க வேண்டியது அத்தையா நானா என்ற கேள்வியில் ஒரு வாதமே இல்லை.

*

பங்குனிக் கடைசியில் அந்த வரன் தட்டிப்போனது. ஜாதகத்தில் ஏதோ பொருந்தவில்லையாம். சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினேன். ஆக, நான் தைரியம் வந்து போகவில்லை. இழக்க எதுவும் இல்லாமல் போனதும் போனேன்.

அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "எப்பத் தெரியும் தாயி?"

"ஆவணில."

கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணன் பயந்துருப்பாரு" என்றாள். அப்புறம், "நீ வேற எங்கயும் இதச் சொல்லிக்கிட்டுத் திரியாத, உனக்கு இன்னும் இடம் பாக்கணும்" என்றாள். வாய் நிற்காது என்று நாங்கள் பேர் வைத்த அத்தை.

அடுத்த வாரம் மதுரைக்கு வந்தாள். இடது கண்ணில் பார்வைப் புலத்தின் ஒரு மூலை போயிருந்தது. வலது கண் தப்பித்திருந்தது. என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டபோது அத்தை பர்ஸிலிருந்து ஒரு சிறிய பாட்டிலை எடுத்தாள். கண் உறுத்தல் வந்தால் மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுகிற சொட்டு. இரண்டு வருடமாக, விட்டு விட்டுப் போடுகிறாள். டாக்டர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். ஸ்டீராய்டு. சிலருக்கு இது கண் அழுத்தத்தை ஏற்றிவிடும், குடும்பத்தில் கிளாக்கோமா உள்ளவர்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் அதிகம் என்றார். "இனிமே இத தொடவே தொடாதீங்க."

நான் கேட்டேன்: "எட்டு மாசத்துக்கு முன்னாடி வந்திருந்தா?"

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. அப்பவே இருந்திருக்கலாம்."

அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தத்துவத்தில் 'அறநெறி அதிர்ஷ்டம்' என்று ஒரு விவாதம் உண்டு. பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் 1976இல் தொடங்கிவைத்தது. கிணற்றை மூடாமல் தூங்கப்போன இரண்டு பேர். ஒருவர் கிணற்றில் யாரும் விழவில்லை, இன்னொருவர் கிணற்றில் ஒரு பிள்ளை விழுந்துவிட்டது. செய்த தப்பு ஒன்றுதான். ஆனால் ஊர் ஒருவரைத்தான் குற்றவாளி என்கிறது. இது நியாயமா என்று கேட்கிறது அந்த விவாதம்.

என் நிலைமை அதைவிடக் குழப்பம். அங்கே பிள்ளை விழுந்ததா இல்லையா என்பதாவது தெரியும். எனக்கு அதுவும் தெரியாது. அத்தை இழந்த அந்த மூலையில் எவ்வளவு வயதால், எவ்வளவு ரத்தத்தால், எவ்வளவு பாட்டிலால், எவ்வளவு என்னால்? பிரித்துத் தர எந்தக் கருவியும் இல்லை. என்னால் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். விரல் நீட்ட முடியாத அந்த மருந்தின் பலனைப் போல, விரல் நீட்ட முடியாத ஒரு தப்பு.

முதலில் அதில் ஒரு நிம்மதி இருந்தது. நிரூபிக்க முடியாதல்லவா. கொஞ்ச நாளில் அந்த நிம்மதி கசந்துவிட்டது. விளைவைப் பார்த்துத்தான் தப்பை அளப்பேன் என்றால், விளைவு தெரியாத இடங்களில் எதுவும் செய்யலாம் என்றாகிவிடும். நம் காலத்தில் நாம் ஒருவருக்கொருவர் செய்கிற தீங்குகளில் பாதி இந்த வகைதான். சாய ஆலைக் கழிவு, வண்டிப் புகை, சீட்டு கேட்காமல் மருந்து விற்கும் கை. யாருக்கு, எவ்வளவு என்று தெரியாது. சராசரியில் மட்டும் தெரியும். அதனால் நான் எனக்கு வைத்துக்கொண்ட கணக்கு இது: அத்தையின் கண்ணில் எவ்வளவு போனது என்பதை வைத்து என் தப்பை அளக்க வேண்டாம். அத்தைக்குப் பரிசோதனையில் எதுவுமே இல்லை என்று வந்திருந்தாலும், அவளுடையதை எட்டு மாதம் நான் வைத்திருந்தது அப்படியேதான் இருக்கும்.

*

திரும்பி வரும் வழியில் ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. தாத்தா செத்த மறு வருடம், ஊர்வீட்டுக்கு அத்தையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். நான் அப்போது ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தேன். ரிஜிஸ்தர் ஆபீஸில் அத்தை ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டாள். அன்று எல்லோருக்கும் ஓட்டலில் பூரி வாங்கிக்கொடுத்தார் அப்பா. தங்கமான தங்கச்சி என்று இன்றைக்கும் சொல்வார்.

தாத்தா வழியில் அத்தைக்கு வந்த வேறொரு பங்கு, கையெழுத்து கேட்காமல், யாராலும் விடுவித்துக்கொள்ள முடியாமல் அவள் கண்ணுக்குள்ளேயே இருந்திருக்கிறது. அதைப் பற்றிய தகவலையும் அவளுக்குக் கொடுக்காமல் நாங்களே வைத்துக்கொண்டோம்.

அத்தை மகன் சென்னையில் இருக்கிறார். முப்பத்தி மூணு வயது, என்னைவிடத் தடிமனான கண்ணாடி. அவருக்கும் பெண் பார்க்கிறார்கள். அத்தானிடம் சொல்லியாச்சா என்று போன வாரம் கேட்டேன். "ஒரு நல்லது முடியட்டுமே தாயி" என்றாள் அத்தை.

அவருக்கு நான் இன்றைக்குப் போன் செய்யப் போகிறேன். அத்தைக்குப் பிடிக்காது. அவளிடம் முதலில் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்.